அண்ணனின் இருமல்

என் அக்கா வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் எல்லாரும் இருட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். வசைப்பெயர் இல்லை. எக்ஸ்ரே எடுப்பதும், எடுத்த படத்தை இருட்டறையில் கழுவிக் காயப்போடுவதும் அவர் வேலை. காலையில் சிவப்பு பல்பு எரியும் அந்த அறைக்குள் போனால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருவார். வந்ததும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசலிலேயே ஒரு நிமிஷம் நிற்பார். "என்ன மாமா, இது எந்த ஊர்னு யோசிக்கிறீங்களா?" என்று நான் கேலி பண்ணுவேன். எனக்கு எதிர்ச்சாரியில் மருந்துக்கடையில் வேலை. இரண்டு பேரும் டிபன் கேரியரைப் பிரிப்பது ஒரே பெஞ்சில்தான்.

நல்ல மனுஷன். மெஷின் முன்னால் நடுங்கிக்கொண்டு நிற்கிறவர்களைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் பொத்தானை அமுக்குவார். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அது என் அக்காவுக்கே பல வருஷம் தெரியாது.

தொழில் படிக்கிற காலத்தில் மாணவர்கள் ஒருவரை ஒருவர் படமெடுத்துப் பழகுவார்களாம். அப்படி எடுத்த தன் நெஞ்சுப் படத்தில், வலது காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே, பயறு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளியை மாமா பார்த்திருக்கிறார். அங்கிருந்த பெரிய டாக்டர், "எப்பவோ காசநோய்க் கிருமி உள்ள போயிருக்கு. உடம்பே அதை மடக்கிப் போட்டுடுச்சு. மேல சுண்ணாம்பு கட்டிக் கெட்டியாகிடுச்சு. மறந்துடு" என்றார்.

மாமா மறக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை மெஷினைப் பழுது பார்க்க ஆள் வரும்போது, சோதனைப் படத்துக்குத் தானே சட்டையைக் கழற்றிவிட்டு நிற்பார். அந்தப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் போன வருஷத்துப் படத்தோடு ஒப்பிடுவார். அப்படி இருபத்தெட்டு படங்கள் ஒரு பழுப்புக் கவரில் இருந்தன. ஒரு நாள் எனக்கு வரிசையாகக் காட்டினார்.

"எனக்கு நரைச்சுப்போச்சு மாப்ளே. தொப்பை விழுந்துடுச்சு. இது மட்டும் அப்படியே இருக்கு பாரு. வயசே ஆகலை."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். அவருக்கு ஒரு அண்ணன் இருந்தார். வீட்டில் அவர் பெரியவன், மாமா சின்னவன். ஒன்பது வயது வித்தியாசம். அண்ணனுக்கு ஒரு அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற வேலை. இரண்டு பேருக்கும் ஒரே கட்டில். சுவர் ஓரம் சின்னவன், வெளி ஓரம் பெரியவன். அண்ணனுக்கு இருமல் வந்தது. தூசி என்றார்கள், பனி என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, உள்ளே மிச்சம் எதுவுமில்லை என்று கையை விரித்துவிட்டார்களாம். அப்போது அண்ணனுக்கு இருபத்திரண்டு. மாமாவுக்குப் பதின்மூன்று. அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் பெரியவன் என்ற சொல்லை வாயால் சொல்லவில்லை. என் அக்கா வாழ்க்கைப்பட்டு இருபத்துநாலு வருஷத்தில், மாமியார் வாயிலிருந்து அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஐம்பது வயதில் மாமாவுக்கு மூட்டு வீங்க ஆரம்பித்தது. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு. காலையில் சட்டைப் பொத்தானை அக்காதான் போட்டுவிடுவாள். ஈரப் படத்தை ஓரத்தில் பிடிக்க முடியாமல் கீழே போட்டார். ஒரு தடவை வேறொருவருடைய படம் தரையில் விழுந்து கீறிப்போய், அந்த ஆளைத் திரும்ப நிற்க வைக்க வேண்டியிருந்தது. அன்றைக்குச் சாப்பாட்டு பெஞ்சில் அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான்தான் டப்பாவைத் திறந்து கொடுத்தேன்.

மூட்டு டாக்டர் மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு ஊசி சொன்னார். பதினைந்து நாளைக்கு ஒன்று, வயிற்றுத் தோலுக்கடியில் போடுவது. நல்லாக் கேட்கும். ஆனால் அதற்கு முன்னால் உடம்பில் பழைய காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கையில் தோலுக்குள் ஒரு ஊசி குத்தி, இரண்டு நாள் கழித்து வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நெஞ்சுப் படமும் வேண்டும்.

அடுத்து நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரியும். கையில் குத்தின இடம் லேசாகச் சிவந்து அடங்கிவிட்டது. வீக்கத்துக்காக மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்த ஸ்டீராய்டு மாத்திரை அதை அமுக்கியிருக்கிறது. "வீட்ல யாருக்காவது டிபி இருந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டதற்கு, "இல்ல டாக்டர்" என்றார். மிச்சம் நெஞ்சுப் படம். அதில் அந்தப் புள்ளி இருக்கும். புள்ளியைப் பார்த்தால் முதலில் மாதக்கணக்கில் வேறு மாத்திரை தின்னச் சொல்வார்கள், ஊசி தள்ளிப்போகும், கிடைக்காமலே போனாலும் போகும். மாமா ஆஸ்பத்திரி வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"மெஷினைச் சோதிக்கணும். சட்டையைக் கழட்டிட்டு இப்படி நில்லு."

"எனக்கு ஒண்ணும் இல்லையே சார்?"

"ஒண்ணும் இல்லாததுனாலதான் கூப்பிடறேன்."

அந்தப் படத்தில் ஈயத்தில் செய்த எழுத்துகளை வைத்துத் தன் பெயரைப் பதித்தார். சுத்தமான நெஞ்சு. கழுவின படத்தைத் தூக்கிப் பார்த்தபோது தன் பெயருக்குக் கீழே வேறொருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்ததாம். சரியாகக்கூடப் பார்க்காமல் கவரில் போட்டு ஒட்டிவிட்டார்.

ஊசி ஆரம்பமானது. பனிக்கட்டி வைத்த பெட்டியில் நான்தான் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போவேன். ஒரே மாதத்தில் மாமா ஆளே மாறிவிட்டார். இறுகிப்போன தைலப் புட்டியின் மூடியைத் திறந்து காட்டி, "எப்படி!" என்று அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார். அக்கா என்னிடம், "உன் கடையில இருக்கற சாமானிலேயே உருப்படியானது இது ஒண்ணுதான்டா" என்றாள். நாலு மாதம் அந்த வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஐந்தாவது மாதம் மாமாவுக்குச் சட்டை தொளதொளத்தது. சாயங்காலம் ஆனால் கண் சிவந்து உடம்பு கதகதக்கும். விடிகாலையில் தலையணை உறை பிழியலாம்போல நனைந்திருக்கும். "வெயில்" என்றார். வெயில் போய் மழை வந்ததும் "மழை" என்றார். எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அன்று எனக்கு விடுமுறை. மதியம் மூன்று மணி இருக்கும். கூடத்தில் அக்கா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள், நடுவில் மெல்லிய சுவர். ஒன்றில் மாமாவின் அம்மா, எனக்கு அத்தை முறை, படுத்திருப்பார்கள். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, காலையில் நடந்தது சாயங்காலம் ஞாபகம் இல்லாத நிலை. காது மட்டும் கூர்மை. இன்னொரு அறையில், அண்ணனும் தம்பியும் படுத்த அந்தப் பழைய கட்டிலில் மாமா கண்ணயர்ந்திருந்தார். வெளியே நல்ல வெளிச்சம். எதிர்வீட்டு மாடியில் யாரோ போர்வையை உதறிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அந்த அறையிலிருந்து இருமல் கேட்டது. சின்னதாக இரண்டு. கொஞ்சம் நிறுத்தி, நீளமாக ஒன்று. அந்த நீள இருமலின் முடிவில், தகரக் கதவைத் தரையோடு தேய்த்து இழுக்கிற மாதிரி மெல்லிசாக ஒரு கீச்சுச் சத்தம். திரும்பவும் அதே மாதிரி இரண்டு, பிறகு ஒன்று.

பக்கத்து அறையில் அத்தை எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"பெரியவனே!" என்றார்கள். குரல் தெளிவாக இருந்தது. அவர்களுக்கு அந்த வயதில் இல்லாத குரல். "எப்படா வந்தே? காலைக் கழுவிட்டு வா."

அக்காவின் கையில் பாதி மடித்த வேட்டி அப்படியே நின்றுவிட்டது. மாமா அறையிலிருந்து வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"அது நான் இல்லை" என்றார்.

அக்கா வேட்டியைக் கீழே வைத்தாள்.

"இருமினது நான் இல்லை. அது எனக்குத் தெரியும். ராத்திரி பூரா பக்கத்துல படுத்துக் கேட்டிருக்கேன்." சொல்லி முடிக்குமுன் அவர் நெஞ்சு குலுங்கியது. இரண்டு சின்னது, ஒரு நீளமானது. கீச்சு. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். யாரோ தன் வாய்க்குள்ளிருந்து பேசிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர் மாதிரி இருந்தது.

"இதோ வந்துட்டான் பாரு" என்றார்கள் அத்தை, உள்ளேயிருந்து.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மாமா என்னை இருட்டறைக்குக் கூப்பிட்டார். தன்னைத் தானே படமெடுத்திருந்தார். தட்டிலிருந்த மருந்துத் தண்ணீரில் படத்தை அமிழ்த்தி ஆட்டினார். சிவப்பு வெளிச்சத்தில் விலா எலும்புகள் ஒன்றொன்றாக மேலே வந்தன. நான் அந்தப் பயறைத் தேடினேன்.

"புள்ளி எங்க மாமா?"

அவர் விரலை நீட்டினார். புள்ளி இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு ஓட்டை. சுற்றிலும் புகை படர்ந்த மாதிரி வெள்ளை.

"வெளியே வந்துடுச்சு" என்றார்.

என் அக்காவுக்குத் தெரியுமுன்னே நான் அவரை நெஞ்சு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஐம்பதை நெருங்கின, வேகமாகப் பேசுகிற அம்மா. மூட்டு டாக்டரிடமிருந்து பழைய ஃபைலை வரவழைத்தார்கள். விளக்குப் பெட்டியில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். அந்த அம்மாவின் பேச்சு நின்றுபோனது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்கள்.

"இது யாரு?"

"நான்தான்" என்றார் மாமா.

"ஆறு மாசத்துக்கு முன்னாடி எடுத்த இந்தப் படத்துல இருக்கறவருக்குக் கழுத்துக்கிட்ட ஒரு விலா எலும்பு கூடுதலா இருக்கு. ஆயிரத்துல சில பேருக்கு அப்படி இருக்கும். இன்னிக்கு எடுத்த படத்துல உங்களுக்கு அது இல்லை. எலும்பு கரைஞ்சு போகாது. உங்க பேரை வெச்சுக்கிட்டு இங்க நிக்கறது யாரு?"

இருபத்தொன்பது வருஷம் படமெடுத்த மனுஷனின் கண்ணில் அந்த எலும்பு படவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வாட்ச்மேன், புள்ளி, அண்ணன், கட்டில். அந்த அம்மா திட்டுவார்கள் என்று நினைத்தேன். கேட்டு முடித்துவிட்டு, ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

"உங்களுக்குள்ள இத்தனை வருஷமா என்ன நடந்துக்கிட்டிருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கங்க" என்றார்கள். "கிருமியைப் பிடிச்சு விழுங்கறதுக்குன்னே உடம்புல செல்லுங்க உண்டு. இந்தக் கிருமி நுரையீரலுக்குள்ள வந்ததும் அதுங்க விழுங்கும். மத்த கிருமின்னா உள்ள போய்ச் செரிச்சுடும். இது செரிக்காது. விழுங்கின செல்லுக்குள்ளேயே குடித்தனம் வெச்சுடும். வெளியில இருந்து பார்த்தா அது நம்ம செல்லு. உள்ள இருக்கறது வேற ஆளு."

மாமா தன் நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டார். வைத்தது அவருக்கே தெரியவில்லை.

"ரத்தத்துல மிதக்கற எதிர்ப்புப் பொருளெல்லாம் செல்லுக்கு வெளியிலதான் வேலை செய்யும். உள்ள இருக்கறதைத் தொட முடியாது. அதுக்குன்னு இருக்கறது டி செல்லுன்னு ஒரு வகை வெள்ளை அணு. அதுவும் உள்ள போறதில்லை. விழுங்கின செல்லு, தனக்குள்ள இருக்கற கிருமியோட துண்டு துணுக்கைத் தன் மேல்தோல்ல எடுத்து நீட்டும். டி செல்லு ஒவ்வொரு செல்லாத் தடவிக்கிட்டே வரும். குருடன் முகத்தைத் தடவிப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கற மாதிரி. கை அந்தத் துணுக்குல பட்டுதுன்னா, உள்ள யார் இருக்காங்கன்னு தெரிஞ்சுடும். உடனே ஒரு ரசாயனத்தைச் சுரந்து அந்தச் செல்லை உசுப்பும். உள்ள இருக்கறதை நீயே கொல்லுன்னு. சில டி செல்லுங்க, இது தேறாதுன்னா, அந்தச் செல்லையே சாகடிச்சுடும்."

"எனக்கு?"

"உங்களுக்குப் பெரும்பாலும் செத்திருக்கும். மிச்சம் கொஞ்சம் சாகலை. அதனால சுத்தி வளைச்சுக்கிட்டு நின்னுட்டாங்க. நடுவுல கிருமி, அதைச் சுத்தி விழுங்கின செல்லு, அதைச் சுத்தி டி செல்லு. நின்னவங்க சாகச் சாக, வேற ஆளு வந்து அதே இடத்துல நிக்கும். அந்தப் பயறு அளவு புள்ளி அதுதான். நீங்க படிச்சது, கல்யாணம் பண்ணிக்கிட்டது, தூங்கினது எல்லாத்துக்கும் நடுவுல, அங்க ஒரு கூட்டம் நகராம நின்னுக்கிட்டிருந்துச்சு."



"இந்தச் செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு ஒரு சேதி அனுப்பிக்கும். அந்தச் சேதி மூட்டுல தேவையில்லாம கூடிப்போனதுதான் உங்க கை வீக்கம். நெஞ்சுல அந்த வளையம் கலையாம இருந்ததுக்கும் அதே சேதிதான் காரணம். நீங்க போட்டுக்கிட்ட ஊசி அந்தச் சேதியைப் பிடிச்சு அமுக்கற ஊசி. மூட்டுக்கு ஆளு போகலை. நெஞ்சுலயும் ஆளுங்க கலைஞ்சுட்டாங்க."

மாமா கேட்டார்: "இது என் அண்ணன் நெஞ்சுல இருந்து வந்ததுதானா?"

"இருக்கலாம். வேற யார் மூச்சுல இருந்தும் வந்திருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது." டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார்கள். "ஆனா அந்த வயசுல, அந்தக் கட்டில்ல… வாய்ப்பு அதிகம்."

வரும் வழியில் ஆட்டோவில் மாமா என்னிடம், "அவனைத்தான் நான் இத்தனை நாளா வெச்சிருந்திருக்கேன்" என்றார். பயமா, பாசமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஊசியை நிறுத்தினார்கள். நாலு விதமான மாத்திரை. மாமா முகமூடி போட்டுக்கொண்டு தனி அறையில் படுத்தார். எங்கள் எல்லாருக்கும் சோதனை. அக்காவுக்குக் கையில் பெரிய வீக்கம், நெஞ்சில் ஒன்றுமில்லை. தடுப்பு மாத்திரை ஆறு மாதம் சாப்பிடச் சொன்னார்கள். "கல்யாணத்துக்கு இதுவும் சீரா?" என்று கேட்டுவிட்டு, மாமா முகம் வாடினதைப் பார்த்து, "சும்மாச் சொன்னேன்" என்று அவர் போர்வையை இழுத்துவிட்டாள்.

முதல் மாதம் காய்ச்சல் குறைந்தது. எடை கொஞ்சம் ஏறியது. பயம் தெளிந்த நேரத்தில், ஏழாவது வாரம், கழுத்தில் ஒரு கட்டி எழும்பியது. காய்ச்சல் முன்னைவிட மோசமாக வந்தது. இருமலும் அதே இரண்டு சின்னது, ஒரு நீளமானது. மருந்து கேட்கவில்லை என்று அக்கா அழுதாள். டாக்டரம்மா சளியைச் சோதித்துவிட்டு, கிருமி குறைந்துகொண்டுதான் வருகிறது என்றார்கள்.

"ஊசியோட வேகம் இப்பத்தான் உடம்பை விட்டுப் போயிருக்கு. கலைஞ்சு போன டி செல்லுங்க திரும்பி வந்துட்டாங்க. வந்து பார்த்தா வீடு பூரா துணுக்கு கிடக்கு. செத்த கிருமி, சாகாத கிருமி எல்லாத்து மேலயும் பாயுறாங்க. சண்டை நல்லதுக்குத்தான். நடக்கற இடம் இவர் நெஞ்சா இருக்கறதுதான் கஷ்டம்."

அந்த இரண்டு வாரமும் நான் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு மதியம் அங்கேயே இருந்தேன். மாமா கண்ணை மூடியபடி கிடப்பார். மூன்று மணி வாக்கில் அத்தை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச ஆரம்பிப்பார்கள். பெரியவனோடு. அச்சகத்தில் இன்றைக்கு வேலை அதிகமா, கையை வெட்டிக்கொண்டாயா என்று. மாமா காய்ச்சல் வேகத்தில் 'ம்' கொட்டுவார். நாங்கள் தடுக்கவில்லை. தடுத்தால் அத்தை பதறிப்போனார்கள்.

ஒரு நாள் அத்தை குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்.

"பெரியவனே, அந்தப் படத்தை எங்கடா வெச்சே? அப்பா தேடப்போறாரு."

மாமாவின் உதடு அசைந்தது. "அலமாரியில" என்றார். அவருடைய குரல்தான். ஆனால் வயசுப் பையனிடம் இருக்கிற ஒரு திமிர் அதில் இருந்தது. "கீழ் இழுப்பறைக்கு அடியில. அப்பாகிட்டச் சொல்லாதம்மா."

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அறையிலிருந்த மர அலமாரி மாமாவின் அப்பா காலத்தது. நான் போய்க் கீழ் இழுப்பறையை இழுத்தேன். பழைய துணிகள், ஒரு உடைந்த குடை. இழுப்பறையை முழுசாக உருவி எடுத்துத் தரையில் வைத்தேன். அது இருந்த இடத்தில், அலமாரியின் அடிப்பலகை மேல், செய்தித்தாளில் சுற்றின ஒரு தட்டையான பொருள் கிடந்தது. தாள் தொட்டதும் உதிர்ந்தது.

உள்ளே ஒரு எக்ஸ்ரே படம். மஞ்சளாகி ஓரம் சுருண்டிருந்தது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். மதிய வெயிலில் விலா எலும்புகள் தெரிந்தன. வலது மேல்பக்கத்தில் ஒரு ஓட்டை. மூலையில் பெரியவனின் பெயர், தேதி. அவர் செத்ததற்கு ஏழு மாதம் முந்திய தேதி.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் படத்தை வைத்துக்கொண்டு நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை, "சரி, சொல்லலை" என்று சமாதானமாகச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்கள்.

டாக்டரம்மா வேறு மாத்திரை ஒன்றைக் கொஞ்ச நாளைக்குச் சேர்த்துக் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கியது. மாமா எழுந்து உட்கார்ந்தபிறகுதான் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். தொழில்காரர் பார்க்கிற மாதிரி முதலில் மூலையிலிருந்து ஆரம்பித்து, கடைசியில் ஓட்டைக்கு வந்தார்.

"இது இருக்கற இடம் உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?"

"தெரியாது."

"நீங்கதான் சொன்னீங்க."

"சின்ன வயசுல தூங்கற மாதிரி கிடந்து பார்த்திருப்பேனோ என்னமோ. சத்தியமா ஞாபகம் இல்லை மாப்ளே." பிறகு தேதியை விரலால் தொட்டார். "ஏழு மாசம். தெரிஞ்சுக்கிட்டே என் பக்கத்துல படுத்திருக்கான்."

கோபம் வந்தது அவருக்கு. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. படத்தைக் கிழிக்கப் போனார். அந்த விரல்களால் முடியவில்லை. கீழே போட்டுவிட்டு மூச்சு வாங்க உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அச்சகத்துல தெரிஞ்சா நிறுத்தியிருப்பாங்க. பொண்ணு வேற பேசி வெச்சிருந்தாங்க" என்றார். அப்புறம் இன்னும் மெதுவாக, "நான் மட்டும் என்ன செஞ்சேன்? ஊசி ஆரம்பிச்ச அஞ்சாம் மாசமே எனக்குத் தெரியும். உங்க அக்கா பக்கத்துலதான் படுத்திருந்தேன்" என்றார்.

அதை அவர் அக்காவிடமும் சொன்னார். அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மாத்திரையை மட்டும் எண்ணித் தட்டில் வைத்துவிட்டுப் போவாள். மூன்றாம் நாள் சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று அவர் சொன்னதும் சண்டை வந்தது. அதோடு சரியாகிவிட்டது.

மூட்டு டாக்டரிடம் போய் நேரில் உண்மையைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது நானும் கூட இருந்தேன். வாட்ச்மேனுக்குக் கோபம் நியாயமாகவே வந்தது. "பொய் சொல்லி நிக்க வெச்சீங்களே சார்" என்றவர், பாதியில் நிறுத்தி, "கூட ஒரு எலும்பா? எனக்கா?" என்று கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இப்போதும் கேட்டில் நிற்கிறவர்களிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நாலாவது மாதம் இருமல் நின்றது. எங்களுக்கெல்லாம் நிம்மதி. அத்தைக்கு மட்டும் இல்லை. மூன்று மணி ஆனால் எழுந்து உட்கார்ந்து காத்திருந்தார்கள். "பெரியவன் எங்க?" என்று அக்காவைக் கேட்டார்கள். வெளியே போயிருக்கிறான் என்று சொல்லிப் பார்த்தாள். நாலைந்து நாள் பொறுத்துவிட்டு, ஒரு மதியம் அத்தை தானாகவே புரிந்துகொண்டார்கள். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அண்ணன் செத்தபோது அம்மா அழவே இல்லையாம், மாமா சொன்னார். முப்பத்தெட்டு வருஷம் கழித்து அந்த வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்து, யாருக்கு என்ன என்று கேட்டார்கள்.

மாமாவால் தாங்க முடியவில்லை. மறுநாள் அதே நேரத்துக்குத் தன் அறையில் போய் நின்றுகொண்டு இருமினார். வேண்டுமென்றே. இரண்டு சின்னது, ஒரு நீளமானது. கடைசியில் அந்தக் கீச்சுச் சத்தத்தை வரவழைக்கத் தொண்டையை நெரித்துப் பார்த்தார்.

அத்தை காதைக் கொடுத்துக் கேட்டார்கள்.

"யாருடா அது, அவனை மாதிரி இருமிக் காட்டறது? சின்னவனா?" என்றார்கள். "உதை வாங்குவே. இங்க வா."

மாமா போய் அம்மாவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். ஐம்பத்தொரு வயது ஆள். அத்தை அவர் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை கையால் தடவிப் பார்த்தார்கள். "இளைச்சுட்டே" என்றார்கள். அதற்கப்புறம் பெரியவனைத் தேடவில்லை. அடுத்த வருஷம் மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

மாமாவுக்கு இப்போது அறுபத்து மூன்று. விரல்கள் கோணிவிட்டன. அந்த ஊசியை அவரும் கேட்கவில்லை, டாக்டரும் தரவில்லை. வேறு மாத்திரையில் ஏதோ ஓடுகிறது. ஒன்பது மாத மருந்து முடிந்தபோது, உள்ளே எல்லாம் செத்திருக்குமா என்று அவர் டாக்டரம்மாவைக் கேட்டார். "அனேகமா" என்றார்கள் அந்த அம்மா. "எங்கேயாவது ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சு கிடந்தாலும், பார்த்துக்க ஆள் இருக்கு."

அதிலிருந்து ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. தலைவலி மாத்திரைக்கும் ஜலதோஷ மருந்துக்கும் நேரே என் கடைக்குத்தான் வருவார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மற்ற வாடிக்கைக்காரர்கள் நகர்ந்ததும் கவுண்டர் மேல் குனிந்து, யாரோ பக்கத்து அறையில் தூங்குகிற மாதிரிக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்:

"மாப்ளே, இது அவங்களைக் கலைச்சுடாதே?"